அனுப்புநர் பேட்டரி, பெறுநர் சாவி

ஏழாவது தடவையாகச் சாவியைத் திருகியும் வண்டி வாய் திறக்கவில்லை. முன்விளக்கு எரிந்தது. ஹார்ன் அடித்தது. என்ஜின் மட்டும் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தது.

"என்னங்க, இன்னும் கிளம்பலையா?" என்றாள் மனைவி, வாசல்படியில் நின்றுகொண்டு.

"கிளம்பும். சூடாகிட்டிருக்கு."

"கிளம்பாம எப்படிங்க சூடாகும்?"

"வண்டியை யார் சொன்னது? நான் சூடாகிட்டிருக்கேன்."

அவரைத் தெருவில் எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டோடு வந்து சேர்ந்த மாப்பிள்ளை. பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கி, ரகம் பிரித்து, வண்டியில் ஏற்றும் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது முதுகு முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். ஆனால் மாமனார் வீட்டில் அந்த உழைப்புக்கெல்லாம் மதிப்பில்லை. அங்கே அவர் பேர் சொல்வது ஒரே ஓர் ஆணி. கல்யாணமான புதிதில், கண்ணாடி மாட்டுவதற்காகச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். உள்ளே தண்ணீர்க் குழாய் போய்க்கொண்டிருந்தது. பதினோரு வருஷமாகியும் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் முதலில் தண்ணீர் கொடுப்பார், அடுத்து அந்தச் சுவரைக் காட்டுவார்.

அப்படிப்பட்ட மாமனார் தன் காரின் சாவியை முதன்முதலாக மாப்பிள்ளை கையில் கொடுத்தது புதன்கிழமை காலையில். கண் ஆபரேஷன். நாலு நாள் படுக்கை. பஸ் நிறுத்தத்தில் பெட்டியும் கையுமாக நின்றார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அன்றுகூட அவர் இவ்வளவு கலங்கவில்லை.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. கிளப்பறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும்..."

"நியூட்ரல் பாக்கணும். தெரியும் மாமா."

"அது இல்ல, வந்து..."

"கை பிரேக்கும் தெரியும் மாமா. பஸ் வந்துடுச்சு, ஏறுங்க."

மாமனார் படியில் தொங்கியபடி இன்னும் ஏதோ சொன்னார். பஸ் புகையை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை இப்போதுதான் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கவில்லையென்றால் மாமனார் ஒற்றைக் கண் கட்டோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். ஆணிக்குத் துணையாக இன்னொரு கதை கிடைத்துவிடும். அடுத்த பதினோரு வருஷத்துக்கு ஓடும்.

வண்டியும் லேசுப்பட்டதல்ல. முப்பத்தோரு வருஷம் டாக்ஸியாக ஓடி, மாமனாரோடு சேர்ந்தே ஓய்வு பெற்றது. தெருவில் அதைப் பற்றி ஒரு கேலி உண்டு. மூன்று தடவை திருடர்கள் அதன் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, என்னென்னவோ நோண்டிப் பார்த்து, கடைசியில் கதவை மரியாதையாகச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவன் தன்னுடைய ஸ்க்ரூ டிரைவரைக்கூட விட்டுவிட்டுப் போனான். "திருடனே வேணாம்னு வச்சுட்டுப் போன வண்டி" என்று தெருவே சிரிக்கும். மாமனாரும் கூடச் சேர்ந்து, எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார்.

"அப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"போன் போட்டு என்ன சொல்ல? மாமா, உங்க வண்டி கிளம்ப மாட்டேங்குது, நான் ஆணி அடிச்ச அதே ஆளுதான் பேசறேன்னா?"

"அப்ப நான் கேக்கறேன்."

"நீ கேட்டேன்னா நான் பார்சல் வண்டியில ஏறி எங்கேயாவது போய்டுவேன். என் மேல விலாசம்கூட இருக்காது."

தள்ளியும் பார்த்தாயிற்று. பக்கத்து வீட்டு ஃபேன்காரரும் இன்னும் இரண்டு பேரும் தெருமுனை வரை தள்ளினார்கள். வண்டி சௌகரியமாக உட்கார்ந்து போயிற்று. திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள்.

ஃபேன்காரர் என்றால் வீடு வீடாகப் போய் மின்விசிறி மாட்டுகிறவர். அவர் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு எட்டிப் பார்த்துவிட்டு, தலையை வெளியே எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அண்ணே, பூனை கையில நூல்கண்டு கிடைச்ச மாதிரி இருக்கு. ஜாயின்ட்டெல்லாம் பச்சை பூத்துப் போயிருக்கு. வெட்டி எறிஞ்சுட்டுப் புதுசாச் சேர்த்தா கிளம்பிடும்."

"கார் ஒயர் உங்களுக்குப் பழக்கமா?"

"கரண்டுக்கு என்னண்ணே தெரியும், இது வீடா காரான்னு?"

வீட்டு விசிறிக்குப் போடும் வெள்ளை பிளாஸ்டிக் கட்டைகளை ஒரு கை அள்ளிக் கொடுத்தார். ஒரு பக்கம் ஓர் ஒயர், மறுபக்கம் இன்னொன்று, மேலே திருகு. மாப்பிள்ளை அன்று சாயங்காலத்துக்குள் ஆறு ஜாயின்ட்டை வெட்டி ஆறு கட்டை போட்டார். வெளியே இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

ஹார்ன் அடித்தது.

திறந்தார். நின்றது. சாத்தினார். அடித்தது.

"ஆடற வண்டிக்கு ஆடாத விசிறிக் கட்டையைப் போட்டா, திருகு லூசாகி ஒயர் கண்ட இடத்துல உரசாம என்ன செய்யும்?" என்றாள் மனைவி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கதவைச் சாத்தினா தெரியுதே."

கதவைச் சாத்தாமல் விட்டார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருந்து, காலையில் பேட்டரி படுத்துவிட்டது. அதைக் கழற்றித் தோளில் சுமந்து, மூன்று தெரு தள்ளிச் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு, ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ஆணி, கயிறு, பூட்டு விற்கிற கடையில் போய் நின்றார். அங்கே ஒரு பெட்டி கிடைத்தது. காருக்கே உரிய ஒயர் முனைகள், நூறு உருப்படி. செம்பு வளையத்துக்கும் நாக்குக்கும் பின்னால் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கழுத்து. சிவப்பு, நீலம், மஞ்சள்.

மாப்பிள்ளைக்கு மனசு நிறைந்துவிட்டது. பார்சல் ஆபீசிலும் இதே மாதிரிதான். வடக்கே போகிற சாக்குக்கு ஒரு வண்ணம், தெற்கே போகிறதற்கு ஒரு வண்ணம். எவனோ நம்மை மாதிரி ஒருத்தன்தான் இதைச் செய்திருக்கிறான்.

சிவப்பு ஒயருக்குச் சிவப்பு முனை போட்டார். நீல ஒயருக்கு நீலம். மஞ்சளுக்கு மஞ்சள். பச்சை ஒயருக்கு என்ன செய்வதென்று கொஞ்சம் யோசித்து, நீலமும் மஞ்சளும் சேர்ந்தால்தானே பச்சை என்று ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் போட்டார். பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு ஒயர் சின்னச் சிவப்பு முனைக்குள் நுழையவில்லை. அதற்கும் வழி கண்டார். செம்பு இழைகளில் பாதியைக் கத்தரித்துவிட்டு மீதியை நுழைத்து, சாதாரணக் குறட்டால் ஓர் அமுக்கு அமுக்கினார்.

சார்ஜ் ஏறிய பேட்டரியை வைத்து முன்விளக்கைப் போட்டார். விளக்கு எரிந்தது. கூடவே அந்தச் சிவப்பு முனையும் எரிந்தது.

"என்னங்க, புகை!"

"தெரியுது!"

"அப்பாவுக்குப் போன்..."

"வேணாம்!"

ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்த ஃபேன்காரர் புகையை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பார்த்தீங்களாண்ணே, என் கட்டை புகையலையே."

வெள்ளிக்கிழமை மத்தியானம். இன்னும் இரண்டு நாள்கூட முழுசாக இல்லை.

யாரோ சொல்லி, வண்டிச் சாமான் விற்கும் தெருவின் கடைசியில் இருந்த கடைக்குப் போனார். கடை முழுக்க இழுப்பறை. ஒவ்வோர் இழுப்பறை முகத்திலும் உள்ளே இருக்கும் முனை ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தது. நடுவில் ஓர் அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒயர் முனை வேணும்க்கா."

"வளையமா, கவையா, சொருகறதா?"

"எல்லாத்துலயும் கொஞ்சம்."

"ஆணா, பெண்ணா?"

"ஒரே ஒரு பொண்ணுக்கா. நாலாவது படிக்கிறா."

அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவரை நன்றாகப் பார்த்தார். மாப்பிள்ளை கருகிப்போன சிவப்பு முனையை மேஜைமேல் வைத்தார். நடந்ததைச் சொன்னார். பச்சை ஒயர் கதை வந்தபோது அக்கா எழுந்து போய், திரும்பி நின்று, தோள் குலுங்கக் கொஞ்ச நேரம் இழுப்பறையைத் துடைத்துவிட்டு வந்தார்.

"அண்ணே, கழுத்துல இருக்கற வண்ணம் ஒயரோட நிறம் இல்ல. ஒயரோட தடிமன். சிவப்பு மெலிசுக்கு, நீலம் நடுத்தரத்துக்கு, மஞ்சள் தடிசுக்கு. தடிச்ச ஒயரைப் பாதியா நறுக்கி மெலிசுல திணிச்சா, பெரிய குழாய்த் தண்ணியைச் சின்னக் குழாய்ல விட்ட மாதிரிதான்."

"குழாய்க் கதை எனக்குத் தெரியும்க்கா. வேற சொல்லுங்க."

"போல்ட்டுல மாட்டறதுக்கு வளையம். வளையம்னா திருகு லூசானாலும் கழண்டு விழாது. கவைன்னா ரெண்டாப் பிரிஞ்ச நாக்கு, வழுக்கிடும், ஓடற வண்டியில வேணாம். சுவிட்சு, விளக்கு மாதிரி கழட்டி மாட்டற இடத்துக்குச் சொருகறது, உள்ளே போறது ஆண், வாங்கிக்கறது பெண். அமுக்கறதுக்குன்னு தனிக் குறடு இருக்கு, கடையோடதைத் தர்றேன், திங்கக்கிழமை திருப்பிக் குடுங்க. அமுக்கினதும் பிடிச்சு இழுத்துப் பாருங்க. கையோட வந்துச்சுன்னா இப்பவே வரட்டும்."

"சரி, குடுங்க."

"எதைக் குடுக்க? ஒயரைப் பார்க்காம ஒரு முனைகூடக் குடுக்க மாட்டேன். போய் ஒயர் துண்டு கொண்டாங்க."

மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடினார். ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்தார். ஒயர் துண்டு கொண்டாங்க என்று அக்கா சொன்னாரா, சொன்னார். வேலையில் ஒரு குறை சொல்லக்கூடாது. இருந்த எல்லா ஒயரிலும் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். இருபத்தேழு துண்டு. ஒரு பையில் போட்டுக்கொண்டு கடை மூடுவதற்குள் போய் மேஜைமேல் கொட்டினார்.

அக்கா துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷத்துத் தூசியும் மத்தியானத்துப் புகையும் படிந்து எல்லாம் ஒரே நிறம், சேற்று நிறம்.

"தடிமனுக்கு ஒண்ணுன்னு மூணு துண்டு போதும்னு நினைச்சேன்" என்றார் மெதுவாக. "சரி. இதுல எது எங்கேர்ந்து வெட்டினது?"

மாப்பிள்ளை ஒரு துண்டை எடுத்தார். கீழே வைத்தார். அவர் கண்முன்னால் ஸ்டியரிங்குக்கு அடியில் ஐம்பத்து நாலு வெட்டுவாய்கள் அநாதையாகத் தொங்கின. ஆணி, சுவர், தண்ணீர், மாமனார், எல்லாம் வரிசையாக வந்து போயின. அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பஸ்ஸுலயே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்க்கா."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பார்சல் ஆபீசு. பத்தொன்பது வருஷமா."

"விலாசம் எழுதாத பார்சல் வந்தா?"

"தொடக்கூட மாட்டேன்." கேள்வி அவரைச் சுருக்கென்று தைத்தது; குரல் உயர்ந்தது. "அனுப்புநர் யாரு, பெறுநர் யாருன்னு தெரியாம ஒரு துரும்பு என் கையைத் தாண்டிப் போனதில்ல. வெள்ளத்துல நனைஞ்சு எழுத்தெல்லாம் அழிஞ்சு வந்துச்சே முந்நூறு பார்சல், ஒண்ணொண்ணா விசாரிச்சு ஒண்ணு தப்பாமக் கொண்டுபோய்ச் சேர்த்..."

பேச்சு பாதியில் நின்றது. முக்காலியிலிருந்து எழுந்தார்.

"அக்கா. சிவப்பு, நீலம், மஞ்சள். எல்லாத்துலயும் குடுங்க. ரெண்டு முனையைச் சேர்க்கற குழலும் குடுங்க. புது ஒயரும்."

சனிக்கிழமை விடிந்ததும் வண்டிக்குள் பார்சல் ஆபீஸ் திறந்தது. ஆபீசிலிருந்து கொண்டுவந்த அட்டைகள் ஒரு கட்டு. ஒவ்வொன்றிலும் 'உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்' என்று அச்சடித்திருந்தது. ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயர் கட்டி, ஒரு நுனியில் தொட்டு, மறுநுனி எங்கே எரிகிறதென்று தேடினார். எரிந்த இடம் பெறுநர். மனைவி முன் இருக்கையில் அமர்ந்து எழுதினாள்.

"அனுப்புநர் ஹார்ன் பொத்தான். பெறுநர் ஹார்ன்."

"எழுதியாச்சு."

"அனுப்புநர் விளக்கு சுவிட்சு. பெறுநர் இடது முன்விளக்கு, மெலிசு இல்ல, நடுத்தரம், நீலக் கழுத்து."

"இதுக்கு ரசீது உண்டா?"

"வாயாடாம எழுது."

மெலிசுக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு நீலம், தடிசுக்கு மஞ்சள். வைத்தார், அமுக்கினார், இழுத்துப் பார்த்தார். இரண்டு முனைகள் கையோடு வந்தன. திட்டிவிட்டுத் திரும்ப அமுக்கினார். வண்டி உடம்பில் ஒயர் மாட்டும் இடங்களில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகே வளையத்தை வைத்து முறுக்கினார். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. அத்தனை சின்ன முனைகளை அது இவ்வளவு பதமாகப் பிடிக்குமென்று அந்தக் கைக்கே அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. இருப்பதிலேயே தடித்த ஒயர்.

"இது என்னடா கூத்து" என்றார். "பேட்டரியிலேர்ந்து நேரா சாவிக்கு வரவேண்டியது, ஆஷ்ட்ரே பின்னாடி போய்ட்டு வருது."

"அங்க எதுக்குப் போகுது?"

"சிகரெட் பத்தவைக்கற லைட்டருக்கா இருக்கும்."

"அப்பாதான் சிகரெட்டே பிடிச்சதில்லையே?"

"டாக்ஸில ஏறினவங்க பிடிச்சிருப்பாங்க. எவனோ சோம்பேறி மெக்கானிக் போற வழியில அதுக்கும் ஒரு வாய் ஊட்டிட்டுப் போயிருக்கான். அடுத்த வீட்டுக்குப் போற பார்சல் ஊரைச் சுத்திட்டு வர்றதா? என் கிட்ட நடக்காது."

ஆஷ்ட்ரே வழியாகச் சுற்றிய ஒயரை உருவி வீசினார். பேட்டரி ஒயரையும் சாவி ஒயரையும் மஞ்சள் குழலில் இரு பக்கமும் நுழைத்து, நேருக்கு நேராகச் சேர்த்து, தனிக் குறட்டால் அமுக்கினார். இழுத்தார். மலை மாதிரி நின்றது. அனுப்புநர் பேட்டரி, பெறுநர் சாவி. இருபத்தேழாவது அட்டையையும் கட்டினார்.

மணி நாலு. தெருவில் விஷயம் பரவி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஃபேன்காரர் முன்ஜாக்கிரதையாக ஈரச் சாக்கோடு நின்றார்.

கதவைச் சாத்தினார். ஹார்ன் அடிக்கவில்லை. ஹார்னை அமுக்கினார். ஹார்ன்தான் அடித்தது. இடது விளக்கைப் போட்டால் இடதுதான் மின்னியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருகினார்.

முதல் திருகிலேயே வண்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு கிளம்பியது!

தெரு கைதட்டியது. ஃபேன்காரர் ஈரச் சாக்கைத் தலைக்குமேல் சுழற்றி எல்லோரையும் நனைத்தார். மனைவி முந்தானையால் அவர் மூக்கு நுனியில் இருந்த கரியைத் துடைத்துவிட்டாள். பதினோரு வருஷத்தில் வாசலில் வைத்து அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல்தடவை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் வண்டி போய் நின்றது. ஒரு கண்ணில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமனார் சத்தம் கேட்டதும் எழுந்தார். மாப்பிள்ளை இறங்கிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"வந்துட்டீங்களா!" என்றார் மாமனார். "நான் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வச்சிருந்தேன்."

"உள்ளே வையுங்க மாமா."

மாமனார் ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளை சாவியைத் திருகினார். முதல் திருகு. மாமனாரின் ஒற்றைக் கண் சாவியைப் பார்த்தது, மாப்பிள்ளையைப் பார்த்தது, மறுபடி சாவியைப் பார்த்தது. வழி நெடுக மாமனார் ஹார்ன் அடித்த இடத்தில் தலையை ஆட்டினார். திருப்பத்தில் விளக்கு மின்னியதும் ஆட்டினார். குனிந்து, அடியில் வரிசையாகத் தொங்கிய அட்டைகளை ஒற்றைக் கண்ணால் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"எல்லாம் நீங்க செஞ்சதா?"

"இருபத்தேழு ஒயர் மாமா. அம்பத்து நாலு முனை. ஒவ்வொண்ணும் இழுத்துப் பார்த்தது."

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் மாமனார் இறங்கவில்லை. கையை நீட்டி ஆஷ்ட்ரேயை வெளியே இழுத்தார், உள்ளே தள்ளினார், மறுபடி இழுத்தார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்த ஆஷ்ட்ரேயை வெளிய இழுத்தாத்தான் சாவிக்குக் கரண்டு வரும்னு நானே ரகசியமா வச்ச பூட்டு மாப்பிள்ளை இது, முப்பது வருஷத்துல மூணு திருடனால முடியாததை நீங்க மூணே நாள்ல உடைச்சுட்டீங்களே!"